வண்டி மாறிவிட்டது, புத்திமதி மாறவில்லை

பெங்களூரில் எங்கள் மர்பி டவுனில் காரைப் பற்றித் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. கேரேஜ் வாசலில் ஒரு பானெட்டைத் திறந்து வைத்தால் போதும். பால் வாங்கப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு திரும்புகிறவர் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டை ஒட்டி, அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே இருக்கும் இந்த இடத்துக்குப் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்ட் காலத்தில் உழைப்பாளித் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பகுதி. பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படை எம்.இ.ஜி., அந்தப் பக்கம் 515 ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப், இன்னும் கொஞ்சம் போனால் விமானம் செய்யும் எச்.ஏ.எல். ஸ்பேனர் பிடித்த கைகள் தெருவுக்கு நாலு இருந்தன. என் அப்பாவும் 515-இல் ஃபிட்டர்தான். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு இங்கேயே கேரேஜ் போட்டவன் நான்.

வாசலில் நின்று யோசனை சொல்கிறவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. கார் பராமரிப்பு பற்றிய தவறான நம்பிக்கைகளில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தவை. அம்பாசடருக்குப் பொருந்தியவை, பிரீமியர் பத்மினிக்குப் பொருந்தியவை, ஆரம்பகால மாருதி 800-க்கும் பொருந்தியவை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம், அதற்கு முந்தைய தலைமுறையின் அம்பாசடரும் 2014-இல்தான் உற்பத்தி நின்றன. அந்த வண்டிகள் போய்விட்டன, அவற்றுக்காகச் சொன்ன புத்திமதி மட்டும் வாய்மொழியாக அடுத்த வண்டிக்கு மாறிக்கொண்டே வருகிறது. மீதி நம்பிக்கைகள் வேறு ஜாதி. அவை பில் கவுண்டரில் பிறந்தவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாத பெங்களூருக் குளிரில் பத்மினியைக் கிளப்பியவர்களுக்குத் தெரியும், சோக்கை இழுத்துப் பிடிக்காமல் அது நகராது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கார்ப்பரேட்டருக்கு அது தெரியவும் தெரியாது. எனவே காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டி, எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தோம். இன்றைய காரில் எஞ்சின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அரை நிமிடம் போதும். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். அந்த நேரம் முழுக்க அதிகப்படியான பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கிறது. கிளம்பிவிட்டு, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பொறுமையாக ஓட்டினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சூடாகும்.

ஆயில் விஷயத்தில்தான் எனக்கு அதிக வாக்குவாதம். புதுக் கார் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கேனைத் திறந்து விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா, தண்ணியாட்டம் இருக்கு? எங்க காலத்துல ஆயில்னா விரல்ல ஒட்டும். நீ 20டபிள்யூ-50 ஊத்து.”

“சார், உங்க மேனுவல்ல 0டபிள்யூ-20 போட்டிருக்கான்.”

“அவன் ஜப்பான் குளிருக்குப் போட்டிருப்பான்.”

ஜப்பான் குளிர் ஒரு காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. பழைய எஞ்சின்களில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இடைவெளி அதிகம். கெட்டியான ஆயில் அந்த இடைவெளியை நிரப்பியது. இப்போதைய எஞ்சினில் அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. அதோடு, வால்வு திறக்கும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்தும் வேலையையும் பல எஞ்சின்களில் ஆயிலின் அழுத்தமே செய்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், ஆயில் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது, சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. எஞ்சின் தேய்வதில் பெரும்பங்கு காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் விநாடிகளில்தான். ஆயில் மேலே ஏறிப் போய்ச் சேரும்வரை இரும்போடு இரும்பு உரசும். அந்த நேரத்தில் தேன் மாதிரி ஆயில் யாருக்கு வேண்டும்? லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்ட கிழட்டு எஞ்சினுக்குக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றி நாளைத் தள்ளுவது வேறு விஷயம். அதை நானும் செய்வேன், சொல்லிவிட்டுச் செய்வேன்.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து “கறுத்துடுச்சு, மாத்திடு” என்பது இன்னொன்று. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். எரிபொருளின் கரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, எஞ்சினில் படிய விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கறுக்காத ஆயில் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் இதற்கு நேர் எதிரான நம்பிக்கை பெங்களூரில் இன்னும் ஆபத்தானது: “வருஷத்துல நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆயில் எதுக்கு மாத்தணும்?” ஓடோமீட்டர் சக்கரத்தைத்தான் எண்ணுகிறது, எஞ்சினை எண்ணுவதில்லை. சி.எம்.எச். ரோடு சிக்னலிலும் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டிலும் நின்று நின்று எட்டு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்கிறவருடைய எஞ்சின், அந்த ஒரு மணி நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று நிறைய கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்த ஒரு வருடம்தான் முக்கியம்.

ஊருக்குப் போகும் பயணத்துக்கு வருவோம். மர்பி டவுனில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கீழே இறங்கியாக வேண்டும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர் கணவாய் விபத்துக்குப் பேர் போன இறக்கம். அங்கே லாரிக்காரர்களை நியூட்ரலில் இறங்காதே என்று போலீஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்கப் பாரம் ஏற்றிய வண்டியை நியூட்ரலில் விடுவார்கள். வேகம் கூடிய பிறகு கியர் விழாது. பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கக் காய்ந்து பிடிப்பு விட்டுப்போகும். அதன் பிறகு முன்னால் போகும் வண்டிதான் பிரேக்.

கார்க்காரர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். “இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்ணா” என்பார்கள். கார்ப்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கியரில் இருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும். சுற்றச் சுற்ற அது பெட்ரோலை உறிஞ்சும். இப்போது கதை தலைகீழ். கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். பெட்ரோல் செலவு பூஜ்ஜியம். நியூட்ரல் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். அந்தந்த நிமிட மைலேஜ் காட்டும் மீட்டர் உங்கள் காரில் இருந்தால், காலி ரோட்டில், லேசான இறக்கத்தில், கியரில் வைத்துக் காலை எடுத்துப் பாருங்கள். எண் உச்சத்துக்குப் போய் நிற்கும்.

இதைவிட மோசம், சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது. உங்கள் பிரேக் பெடல் மெத்தென்று இருப்பதற்குக் காரணம் எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் உறிஞ்சு விசை. எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அது தாங்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும். சாவியை வெளியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீ விலைக்குக்கூட வராது.

மலை இறங்கினால் பிரேக் சூடு, ஏறினால் எஞ்சின் சூடு. “பெங்களூர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு? தண்ணி ஊத்து” என்று சொல்கிறவர்கள் அதன் பாதி வேலையைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். உறையாமல் காப்பது குளிர் நாட்டுக்காரருக்கு. நமக்கு வேண்டியது மற்ற இரண்டு: துருப்பிடிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. பழைய எஞ்சின்கள் வார்ப்பிரும்பு; குழாய்த் தண்ணீரைச் சகித்துக்கொண்டன. இப்போது சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். நம்ம ஊர் போர் தண்ணீரை ஊற்றினால், பாத்ரூம் குழாயில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படியும். கூலன்ட் வண்ணத் தண்ணீர் அல்ல. அடர்த்தியாக வருவதை டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே வருவதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கேனில் எழுதியிருக்கும்.

ரேடியேட்டர் மூடி ஒரு பிரஷர் குக்கர் மூடி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் ஆவியாகிப் பீறிடும். முகத்திலும் கையிலும் வெந்த தோலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியை ஓரம் கட்டி, அணைத்து, அரை மணி நேரமாவது சும்மா இருங்கள்.

இங்கே எங்கள் தொழில்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி சூடாகிறது என்று போனால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு “இனிமே சூடாகாது” என்று அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சூடாகாதுதான். சூடாக வேண்டிய அளவுக்கும் சூடாகாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சில மாதம் கழித்து அதே ஆள் மைலேஜ் இல்லை என்று வந்து நிற்பார். வால்வு பழுதாகியிருந்தால் புதிது போட வேண்டும். வால்வே வேண்டாம் என்பது வைத்தியம் அல்ல.

கம்ப்யூட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்கேனரைச் சொருகினால் நோய் என்ன என்று அதுவே சொல்லிவிடும் என்பது இந்தத் தலைமுறையின் நம்பிக்கை. ஒரு ஹேட்ச்பேக் என்னிடம் வந்தது. எஞ்சின் விளக்கு அணையவே இல்லை. வேறொரு இடத்தில் ஸ்கேன் செய்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள், ஆயிரக்கணக்கில் செலவு. மறுநாளே விளக்கு திரும்ப எரிந்தது. நான் சொருகியபோதும் அதே பிழைக் குறியீடு: பி0171. அதற்கு அர்த்தம், எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அவ்வளவுதான். சென்சார் கெட்டுப்போனது என்று அது சொல்லவில்லை. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று வருகிறது என்று முறையிட்டது. எஞ்சினை ஓட விட்டு, கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் ஒவ்வொன்றாக லேசாக அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் வளையும் இடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. வளைவின் அடிப்பக்கம் முடி அளவு விரிசல். ஹோஸை மாற்றி, குறியீட்டை அழித்த பிறகு விளக்கு வரவில்லை.

இப்போது பில் கவுண்டர். சர்வீஸுக்கு விட்ட வண்டியின் பில்லில் எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கோட்டிங், ஏசி கிருமிநாசினி என்று வரிசையாக இருக்கும். கம்பெனி சொல்லாமல் போடுவார்களா என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது என்பது டேஷ்போர்டு பெட்டியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலில் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று அட்டவணையே உண்டு. அதில் இல்லாத ஒன்றை பில்லில் பார்த்தால் “என்ன கோளாறு கண்டு இதைச் செய்கிறீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கோளாறு இருந்தால் காட்டுவார்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

வெளியே ஒரு ஸ்பேனர் பட்டாலே வாரன்டி போய்விடும் என்ற பயத்தையும் இதே வகையில் சேர்க்கலாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இந்த விவகாரத்தில்தான். உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது. வெளியே செய்த வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்றது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன்: வாரன்டி ஓடும்வரை வழக்கமான சர்வீஸைக் கம்பெனியிலேயே செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பங்க்சருக்கும் பிரேக் பேடுக்கும் வெளியே போனால் வானம் இடிந்து விழாது.

டயர் பற்றிச் சுருக்கமாக. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சக் காற்றழுத்த அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் காசு கொடுத்து அடிக்கிறார்கள். பங்கில் இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதோடு, பட்டன் தேயவில்லை என்பதால் டயர் நல்லது என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம் செய்தது. வீட்டு வாசலிலேயே நிற்கும் காரின் டயரில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் பற்றி இப்போது ஒரே புலம்பல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் எஞ்சினே போய்விடும் என்கிறார்கள் ஒரு பக்கம். ஒன்றுமே ஆகாது என்கிறார்கள் மறுபக்கம். பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் எத்தனாலில் இருக்கிறது. எனவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதற்காகச் செய்யப்படாத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில்தான் எனக்குக் கவலை. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பங்கில் விற்கும் குட்டிப் பாட்டில் மருந்துகளுக்குச் செலவழிக்க வேண்டாம். அதிக விலை பெட்ரோலும் அப்படித்தான். ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு, பலத்துக்கான அளவு அல்ல. சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினுக்கு 100 ஆக்டேன் ஊற்றினால் பங்க்காரருக்குத்தான் பிக்கப்.

மழைக்காலத்தில் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி. “அண்ணா, தண்ணியில வண்டி ஆஃப் ஆயிடுச்சு. ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டா?” வேண்டவே வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், எமலூர் பக்கமெல்லாம் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. தண்ணீரில் நின்ற காரைவிட, தண்ணீரில் நின்றபின் ஸ்டார்ட் செய்த காருக்குத்தான் அழிவு அதிகம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இந்த எஞ்சின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான், மின்சாரக் கார் வந்துவிட்டால் பராமரிப்பே கிடையாது என்று வாசலில் இப்போது புதுப் பேச்சு. எஞ்சின் ஆயில் கிடையாது என்பது உண்மை. ஆனால் பிரேக் ஆயில் உண்டு, பேட்டரியைக் குளிர்விக்கப் பெரும்பாலான கார்களில் கூலன்ட் உண்டு, எடை அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். சமீபத்தில் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். நேற்று ராத்திரிதான் முழு சார்ஜ் போட்டானாம், காலையில் திரைகூட எரியவில்லை. கதவும் திறக்கவில்லை. பெரிய பேட்டரி நிறைந்துதான் இருந்தது. அதை எழுப்பிவிடுகிற சாதாரண 12 வோல்ட் பேட்டரி, எல்லாக் காரிலும் இருக்கிறதே, அது செத்துப் போயிருந்தது. மாருதி 800 காலத்தில் வாங்கிய ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு போனேன்.